லாரிகளை அதுங்களாவே பேசி லோடு புடிக்க விட்டோம்: ஜேடு சாஃப்ட்வேர், ரெண்டு வருஷம் ஓட்டுன பிறகு

லாரிக்கு லோடு புடிக்கற வேலையை சாஃப்ட்வேர் ஏஜென்ட் கையில விட முடியுமான்னு இந்த மாசம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல தனித்தனியா டைப் பண்றதைவிட ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்திருக்கேன். நாங்க யூஸ் பண்றது ஜேடு. ஜாவா ஏஜென்ட் டெவலப்மென்ட் ஃப்ரேம்வொர்க்ங்கறதோட சுருக்கம் அது. நாமக்கல்ல ஒரு புக்கிங் ஆபீஸ்ல ரெண்டு வருஷமா ஓடிட்டு இருக்கு, எழுதுனதும் நான்தான், ராத்திரி பகல் பாத்துக்கறதும் நான்தான், அதனால பக்கத்துல இருந்து பாத்ததை சொல்றேன். அவசரமா பதில் வேணும்னா, 5க்கு மூணரை குடுப்பேன். அந்த ஒன்றரை ஏன் கொறைஞ்சுதுன்னு தெரிஞ்சுக்காம யாரும் இதை லைவ்ல இறக்க வேண்டாம், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

எங்க நெலமை என்னன்னா, பதினோரு ஓனருங்க, எல்லாருமா சேந்து நாப்பத்தி மூணு வண்டி. ஒருத்தர்கிட்ட ஒம்பது வண்டி இருக்கு, இன்னொருத்தர்கிட்ட ஒரே ஒரு டாரஸ் லாரி, அதையும் அவரே ஓட்டறார். எல்லாரும் ஒரே புக்கிங் ஆபீஸ் மூலமா லோடு எடுக்கறாங்க, ஆனா யாரும் யாருகிட்டயும் கணக்கு காட்ட மாட்டாங்க. என் வண்டி இப்ப எங்க எம்ப்டியா நிக்குது, எந்த ரேட்டுக்கு கீழ எறங்க முடியாது, டியூ எப்ப கட்டணும், டயர் எந்த நெலமையில இருக்கு, இதெல்லாம் ஒருத்தரோட தொழில் ரகசியம். வண்டி எம்ப்டியா நிக்குதுன்னு தெரிஞ்சாலே வாடகையை கொறைச்சு கேப்பாங்கன்னு ஊருக்கே தெரியும். அதனால எல்லா வண்டியோட விவரத்தையும் ஒரே சர்வர்ல கொட்டி ஒரே புரோகிராம் முடிவு பண்ணட்டும்னு சொன்னா மொத மீட்டிங்லயே எல்லாரும் எந்திரிச்சு போயிடுவாங்க. ஒவ்வொரு வண்டிக்கும் அதோட விவரத்தை தன்கிட்டயே வச்சுக்கிட்டு, கேட்ட கேள்விக்கு ரேட் மட்டும் சொல்ற ஒரு ஏஜென்ட் வேணும். இதுக்குத்தான் ஜேடு பக்கம் போனோம்.

இது புதுசா வந்த ஐட்டம் கிடையாது. இத்தாலியில டெலிகாம் இத்தாலியாவோட ஆராய்ச்சி லேப்ல 1998 கடைசில ஆரம்பிச்சு, 2000ல ஓப்பன் சோர்ஸா விட்டாங்க. எல்ஜிபிஎல் லைசென்ஸ், காசு இல்லை. ஏஜென்டும் ஏஜென்டும் எந்த பாஷையில பேசணும், எந்த வரிசையில பேசணும்னு 1996ல ஆரம்பிச்ச ஃபிபான்னு ஒரு அமைப்பு ஸ்டாண்டர்டு போட்டாங்க, அதை அப்படியே ஃபாலோ பண்ணி எழுதுனது. இன்னைக்கு ஏஜென்ட்னு சொன்னா எல்லாருக்கும் சாட்பாட்தான் ஞாபகம் வருது. இங்க நான் சொல்றது அது இல்லை. தனக்குன்னு ஒரு வேலை, தனக்குன்னு ஒரு கணக்கு, மத்த ஏஜென்டுகூட மெசேஜ்ல மட்டும் பேசற ஒரு சின்ன புரோகிராம், அவ்வளவுதான்.

இன்ஸ்டால் பண்றது ரொம்ப ஈஸி, ஒரு ஜார் ஃபைல், ஜாவா இருந்தா போதும், ஒரே கமாண்டுல விண்டோ தொறந்துடும். ஏஜென்டுங்க ஓடற எடத்தை ஜேடுல கன்டெய்னர்ம்பாங்க, அதுல மெயின் கன்டெய்னர்னு ஒன்னு எந்திரிக்கும், அதுக்குள்ள ரெண்டு ஏஜென்ட் ஏற்கெனவே உக்காந்திருக்கும். ஒன்னு ஏஎம்எஸ், யார் யாரு உயிரோட இருக்காங்கன்னு பேர் பதியற ரிஜிஸ்டர். இன்னொன்னு டிஎஃப், யாரு என்ன வேலை செய்வாங்கன்னு சொல்ற மஞ்சப் பக்கம். வண்டி ஏஜென்ட் எந்திரிச்ச உடனே டிஎஃப்ல போய் நான் 12 வீல், ஓப்பன் பாடி, இத்தனை டன் ஏத்துவேன்னு பதிஞ்சுக்கும். லோடுக்கு வண்டி தேடற லோடு ஏஜென்ட் வந்து 12 வீல் யாரு இருக்காங்கன்னு கேட்டா லிஸ்ட் குடுக்கும். ஓனர் ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல தனி கன்டெய்னர் ஓட்டிக்கலாம், அது மெயின் கன்டெய்னர்கூட நெட்வொர்க்ல சேந்துக்கும். ஒம்பது வண்டிக்காரர் அப்படித்தான் ஓட்டறார், அவரோட வண்டிக் கணக்கு அவர் மிஷினை விட்டு வெளிய வர்றதே இல்லை. அவர் ஒத்துக்கிட்டதே இதனாலதான்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன். காண்ட்ராக்ட் நெட்னு ஒரு பேச்சு முறை இருக்கு, ரீட் ஸ்மித்ங்கறவர் 1980ல எழுதுனது. அதைப் படிச்சப்ப இது எங்க புக்கிங் ஆபீஸ்தானேன்னு தோணுச்சு. லோடு வந்தா புக்கிங் அண்ணன் நாலு பேருக்கு ஃபோன் போட்டு சேலத்துலேர்ந்து புனேக்கு லோடு இருக்கு, எவ்வளவுக்கு போவீங்கன்னு கேப்பார், அதுதான் சிஎஃப்பி, அதாவது கால் ஃபார் ப்ரொபோசல் மெசேஜ். வண்டிக்காரர் ரேட் சொன்னா ப்ரொபோஸ், வேண்டாம்னா ரெஃப்யூஸ். யாரு ரேட் சரிப்பட்டு வருதோ அவருக்கு அக்செப்ட் ப்ரொபோசல், மத்தவங்களுக்கு ரிஜெக்ட் ப்ரொபோசல். லோடு போய் இறங்குனா இன்ஃபார்ம், முடியலன்னா ஃபெயிலியர். இந்த வரிசை மொத்தத்தையும் ஜேடு ரெடியா எழுதி வச்சிருக்கு, கேக்கற பக்கத்துக்கு காண்ட்ராக்ட் நெட் இனிஷியேட்டர், பதில் சொல்ற பக்கத்துக்கு காண்ட்ராக்ட் நெட் ரெஸ்பாண்டர். ரேட் எப்படி கணக்கு போடணும், எந்த ரேட்டை எடுக்கணும்ங்கற ரெண்டை மட்டும் நாம எழுதுனா போதும், யாரு யாருக்கு எப்ப பதில் அனுப்பணும்ங்கற லொள்ளு எல்லாம் அதுவே பாத்துக்கும். நான் முன்னாடி இதே வேலையை சொந்தமா மெசேஜ் க்யூ வச்சு எழுதிப் பாத்து ஒரு மாசம் திணறுனவன், அதனால இந்த ஒரு விஷயத்துக்கே ஜேடுக்கு ரெண்டு மார்க் தாராளமா குடுப்பேன்.

ஸ்னிஃபர்னு ஒரு டூல் கூடவே வருது, அதைப் பத்தி தனியா சொல்லியே ஆகணும். எந்த ஏஜென்டை எல்லாம் கவனிக்கணும்னு டிக் பண்ணிட்டா, மேல வரிசையா ஒவ்வொரு ஏஜென்டுக்கும் ஒரு பெட்டி, கீழ கோடு, ஒரு மெசேஜ் போனா ஒரு அம்பு. ராத்திரி ஆபீஸ்ல யாரும் இல்லாத நேரத்துல ஒரு லோடை போட்டுட்டு அந்த ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்திருப்பேன். ஒரு பெட்டிலேர்ந்து பதினாலு அம்பு ஒரே நேரத்துல பறக்கும், அங்கங்கேர்ந்து திரும்பி வரும், சிலது உடனே, சிலது ரெண்டு செகண்டு கழிச்சு. ஒரு வண்டி மட்டும் பதிலே சொல்லாம கோடு கீழ எறங்கிட்டே இருக்கும். அம்பை டபுள் க்ளிக் பண்ணா உள்ள என்ன எழுதியிருக்குன்னு அப்படியே காட்டும். எங்க தப்பு நடந்தாலும் மொதல்ல இதைத்தான் தொறப்பேன், லாக் ஃபைல் அப்புறம்தான். டம்மி ஏஜென்ட்னும் ஒன்னு இருக்கு, அதுல கையாலயே ஒரு மெசேஜ் எழுதி எந்த ஏஜென்டுக்கு வேணும்னாலும் அனுப்பலாம். ஓனருங்களுக்கு டெமோ காட்டுனப்ப அவங்களையே டம்மி ஏஜென்ட்ல உக்கார வச்சு ரேட் அனுப்பச் சொன்னேன், அப்பதான் இது என்ன பண்ணுதுன்னே அவங்களுக்குப் புரிஞ்சுது.

இனிமே சொல்லப்போறதைத்தான் ஜேடு எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறவங்க கட்டாயம் படிக்கணும்.

மொத வெர்ஷன்ல நான் சாதாரண ரெஸ்பாண்டரைத்தான் போட்டிருந்தேன். அது ஒரு சிஎஃப்பியை எடுத்து, பதில் சொல்லி, அக்செப்டோ ரிஜெக்டோ வர்ற வரைக்கும் காத்திருந்து, அது முடிஞ்ச பிறகுதான் அடுத்த சிஎஃப்பியை எடுக்கும். டெஸ்ட் பண்றப்ப ஒரு லோடு ஒரு லோடா போட்டதால ஒன்னும் தெரியலை. லைவ்ல காலைல 10 மணிக்கு ஆறு லோடு சேந்தாப்ல வந்துச்சு. எல்லா வண்டியும் மொத லோடுக்கு ரேட் சொல்லிட்டு பதிலுக்கு காத்துட்டு நின்னுடுச்சு, மத்த அஞ்சு லோடோட டெட்லைன் முடிஞ்சு போய் வண்டி இல்லைன்னு ஸ்க்ரீன்ல வருது, வெளிய யார்டுல பாத்தா பத்து வண்டி நிக்குது. டாக்குமென்டை திரும்பப் படிச்சா, ஒரே நேரத்துல பல பேச்சு நடக்கணும்னா எஸ்எஸ் காண்ட்ராக்ட் நெட் ரெஸ்பாண்டர், அதுக்கு ஒரு டிஸ்பாச்சர்னு தனியா இருக்கு, ஒவ்வொரு சிஎஃப்பிக்கும் தனி ஆளை அனுப்பி வைக்கும். மாத்துனேன். ஸ்பீடு பறந்துச்சு, எல்லா லோடுக்கும் நிமிஷத்துல ரேட் வந்துச்சு, ஒரு வாரம் எல்லாரும் சந்தோஷமா இருந்தோம்.

எட்டாவது நாள் காலைல 6 மணிக்கு ஒரு ஓனர் ஃபோன். அவர் வண்டி திருச்சூர்ல லோடு இறக்கிட்டு நிக்குது, ரிட்டர்ன் லோடு வேணும். ராத்திரி ஏஜென்ட் ரெண்டு லோடுக்கு ரேட் சொல்லியிருக்கு, கஞ்சிக்கோட்டுலேர்ந்து சேலத்துக்கு ஒன்னு, கொச்சிலேர்ந்து ஈரோட்டுக்கு ஒன்னு. ரெண்டு லோடுக்கும் அந்த வண்டி ரேட்டுதான் கொறைச்சலா இருந்துச்சு, ரெண்டு லோடு ஏஜென்டும் அக்செப்ட் அனுப்பிடுச்சு. டிரைவருக்கு ரெண்டு மெசேஜ் போயிருக்கு, பாவம் அவர் மொதல்ல வந்ததை பாத்துட்டு கஞ்சிக்கோட்டுக்கு வண்டியைத் திருப்பிட்டார். கொச்சி கம்பெனி கேட்ல லோடுமேன் எல்லாம் வந்து காத்திருக்காங்க, வண்டி இல்லை. அந்தப் பார்ட்டி அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எங்களுக்கு லோடே குடுக்கலை. அந்த கொச்சி லோடுக்கு ரேட் குடுத்து ரிஜெக்ட் வாங்கிட்டுப் போன இன்னொரு வண்டி அதுக்குள்ள வேற பக்கம் எம்ப்டியாவே கெளம்பியிருச்சு.

புக்கிங் அண்ணன் முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கறவர். நடந்ததை சொன்னதும் கோவப்படலை. "தம்பி, ரேட்டு சொல்றது வேற, வண்டி ஒப்புக்கறது வேற. வண்டிக்காரரு ஒரே நேரத்துல நாலு பேருக்கு ரேட்டு சொல்லத்தான் செய்வாரு, அது தப்பே இல்லீங்க. நான் எடுத்துக்கறேன்னு சொன்னதும், வண்டி இன்னும் ஃப்ரீதானான்னு திரும்ப ஒரு தடவை கேப்பேன். ஆமாம்பாரு, அட்வான்ஸ் போடுவேன், அதுக்கப்புறந்தான் மத்தவங்களுக்கு வேண்டாம்னு சொல்லுவேன். அது வரைக்கும் ரெண்டாவது ஆளையும் லைன்லயே வச்சிருப்பேன்"னு சொன்னார்.

நான் எழுதுனதுல விட்டுப்போனது இந்த நடு ஸ்டெப்தான். இதைத் தேடிப் போனப்பதான் ஜெர்மனியில சார்ப்ரூக்கன் ஊர்ல டிஎஃப்கேஐங்கற ஆராய்ச்சி நிலையத்துல 1990கள்லயே மார்ஸ்னு ஒரு சிஸ்டம் பண்ணியிருந்தாங்கன்னு கெடைச்சுது. ட்ரான்ஸ்போர்ட் கம்பெனிங்க ஒரு அடுக்கு ஏஜென்ட், அதுக்குக் கீழ ட்ரக்குங்க இன்னொரு அடுக்கு. ஒரு பெரிய லோடை பல ட்ரக்குக்கு பிரிச்சுக் குடுக்கணும்கறப்ப சாதா காண்ட்ராக்ட் நெட் பத்தலைன்னு அவங்க அதை நீட்டி, உறுதியான அக்செப்டுக்கு முன்னாடி தற்காலிகமா ஒரு அக்செப்ட், உறுதியான ரிஜெக்டுக்கு முன்னாடி தற்காலிகமா ஒரு ரிஜெக்ட்னு சேத்திருக்காங்க. புக்கிங் அண்ணன் ஃபோன்ல பண்றதும் அங்க பேப்பர்ல எழுதியிருந்ததும் ஒன்னேதான். அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை, அவ்வளவு சந்தோஷம்.

ஜேடுல இந்த நடு ஸ்டெப் ரெடியா இல்லை, அதுக்குத்தான் ஒரு மார்க் கொறைச்சேன். ஏஜென்ட் செய்யற ஒவ்வொரு வேலையையும் ஜேடுல பிஹேவியர்ம்பாங்க, அதுல எஃப்எஸ்எம் பிஹேவியர்னு ஒன்னு இருக்கு, ஒரு நெலமையிலேர்ந்து இன்னொரு நெலமைக்கு எப்ப போகணும்னு நாமளே வரைஞ்சுக்கலாம், அதை வச்சு நாங்களே எழுதிக்கிட்டோம். இப்ப எப்படி நடக்குதுன்னா, லோடு ஏஜென்ட் இருக்கறதுலயே நல்ல ரேட் சொன்னவருக்கு "ஹோல்டு"ன்னு அனுப்பும். வண்டி ஏஜென்ட் தன்னோட டேபிள்ல பாக்கும், வேற யாருக்கும் ஹோல்டு குடுக்கலைன்னா சரின்னு சொல்லி நாலு நிமிஷத்துக்கு தன்னை லாக் பண்ணிக்கும். ஏற்கெனவே லாக்ல இருந்தா ஃபெயிலியர் அனுப்பிடும், லோடு ஏஜென்ட் ரெண்டாவது ரேட்காரரைக் கேக்கும், ஏன்னா அவரை இன்னும் ரிஜெக்ட் பண்ணலை. நாலு நிமிஷத்துக்குள்ள டிரைவர் ஓகே அழுத்துனா உறுதி, அப்பதான் மத்தவங்களுக்கு ரிஜெக்ட் போகும். அழுத்தலைன்னா லாக் தானா கழண்டுடும். இந்த தானா கழண்டுக்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா அது இல்லைன்னா, லோடு போட்ட கம்ப்யூட்டர்ல கரன்ட் போயிட்டா வண்டி நாள் முழுக்க யாருக்கோ காத்துட்டு நிக்கும். இதை எழுதுன பிறகு ஒரே வண்டிக்கு ரெண்டு லோடு விழுந்தது ஒரு தடவை கூட நடக்கலை.

அடுத்தது, ஜாவா நல்லா தெரிஞ்சவங்களே சறுக்கற இடம். ஜேடுல ஒரு ஏஜென்டுக்கு ஒரே ஒரு த்ரெட், அதாவது ஒரு நேரத்துல ஒரு வேலைதான் ஓடும். அதுக்குள்ள எத்தனை பிஹேவியர் போட்டாலும் ஒன்னு முடிச்சு விட்டாத்தான் அடுத்தது ஓடும். ரேட் கணக்கு போடற எடத்துல ஆன்லைன் மேப்ல தூரம் கேக்கற கோடை நேரா எழுதி வச்சிருந்தேன், நெட் ஸ்லோவான அன்னைக்கு அந்த மேப் பதில் சொல்ற வரைக்கும் வண்டி ஏஜென்ட் மொத்தமா செவிடாயிடும், ஹோல்டு மெசேஜ் வந்தாலும் கேக்காது, கேன்சல் வந்தாலும் கேக்காது. த்ரெட் ஸ்லீப் போட்டாலும் இதே கதைதான். அதுல பிளாக்னு ஒரு மெத்தட் இருக்கு, பேரைப் பாத்தா அந்த எடத்துலயே நின்னுடும்னு நெனைப்போம், ஆனா அது நிக்காது, அந்த பிஹேவியர் ஒரு ரவுண்டு முடிஞ்ச பிறகு மெசேஜ் வர்ற வரைக்கும் என்னை எழுப்பாதேன்னு குறிச்சு வைக்கறது மட்டும்தான் பண்ணும். புதுசா வர்றவங்க இந்த ஒரு பாயிண்டை செவுத்துல எழுதி ஒட்டிக்குங்க. வெளிய போய் பதில் வாங்கற வேலை எல்லாம் த்ரெடட் பிஹேவியர்ல போடுங்க, இல்லைன்னா எங்களை மாதிரி அடிக்கடி போற ஊருங்களுக்கு தூரத்தை முன்னாடியே டேபிளா போட்டு வச்சுக்குங்க.

செத்த ஏஜென்ட் பிரச்சனையும் உண்டு. ஏஜென்ட் நின்னா ஏஎம்எஸ் ரிஜிஸ்டர்லேர்ந்து பேர் தானா போயிடும், டிஎஃப் மஞ்சப் பக்கத்துலேர்ந்து போகாது, ஏஜென்ட் நிக்கறப்ப ஓடற டேக்டவுன் மெத்தட்ல நாமளே அழிக்கற மாதிரி எழுதணும். இல்லைன்னா இல்லாத வண்டிக்கு சிஎஃப்பி போயிட்டே இருக்கும். அதே மாதிரி சிஎஃப்பில எத்தனை மணிக்குள்ள பதில் வேணும்னு டைம் போட மறந்தீங்கன்னா இனிஷியேட்டர் எல்லாரும் பதில் சொல்ற வரைக்கும் காத்துட்டே இருக்கும். 

ஏஜென்டோட கணக்கு எல்லாம் மெமரிலதான் இருக்கும், சிஸ்டம் ஆஃப் ஆனா போச்சு. ஹோல்டு, உறுதி ரெண்டையும் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ்ல எழுதிட்டு அப்புறம்தான் மெசேஜ் அனுப்பணும், நாங்க அப்படித்தான் மாத்திக்கிட்டோம். மெயின் கன்டெய்னர் விழுந்தா மொத்தமும் விழும், அதுக்கு மெயின் ரெப்ளிகேஷன்னு ஒரு வசதி இருக்கு, ரெண்டாவது மிஷின்ல காப்பி நிக்கும், கண்டிப்பா போடுங்க. செக்யூரிட்டி டீஃபால்ட்டா ஒன்னுமே இல்லைன்னு வச்சுக்குங்க. மெயின் கன்டெய்னரோட போர்ட்டை, வழக்கமா 1099, எட்ட முடிஞ்ச யாரு வேணும்னாலும் ஒரு கன்டெய்னரை கொண்டு வந்து சேத்துடலாம். ஓப்பன் இன்டர்நெட்ல விடவே கூடாது, நாங்க எல்லா ஆபீஸையும் விபிஎன்ல போட்டுட்டோம். மிச்ச அரை மார்க் இதுக்கெல்லாம் சேத்து.

ஒரு முக்கியமான கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லணும். ஏஜென்டுங்க பேசி முடிவு பண்றது மொத்தத்துல பெஸ்டான முடிவான்னு கேட்டா, இல்லை. ஒரு உதாரணம் பாருங்க. ரெண்டு லோடு, ரெண்டு வண்டி. மொத லோடுக்கு முருகன் வண்டி 10 கிலோமீட்டர் எம்ப்டியா போகணும், கந்தன் வண்டி 30. ரெண்டாவது லோடுக்கு முருகன் வண்டி 15, கந்தன் வண்டி 90. மொத லோடு முன்னாடி வந்ததால 10 கிலோமீட்டர்காரர் எடுத்துட்டார், ரெண்டாவது லோடுக்கு 90 போகணும், மொத்தம் 100 கிலோமீட்டர் எம்ப்டி டீசல். மாத்திக் குடுத்திருந்தா 30ம் 15ம் சேத்து 45லயே முடிஞ்சிருக்கும். ஒரே ஆளுக்கு எல்லா வண்டியும் சொந்தம்னா ஏஜென்டெல்லாம் வேண்டாம், கூகுளோட ஓஆர் டூல்ஸ் ஃப்ரீயாவே கெடைக்குது, எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டா நல்ல ப்ளான் போட்டுக் குடுக்கும். டான்ட்சிக், ராம்ஸர் ரெண்டு பேரும் பெட்ரோல் லாரிங்களை எப்படி அனுப்பறதுன்னு 1959ல எழுதுனதுலேர்ந்து வளந்த கணக்கு அது, அந்த வேலைக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லை. எங்க கேஸ்ல விவரத்தை ஒரே எடத்துல குடுக்க யாரும் தயாரில்லைங்கறதாலதான் ஏஜென்ட்.

அந்த 100க்கும் 45க்கும் உள்ள வித்தியாசத்தை கொறைக்க நாங்க லோடு மாத்திக்கறதை சேத்தோம். வண்டில லோடு ஏத்த ஆரம்பிக்கற வரைக்கும், இந்த லோடை நீ எடுத்துக்கறியா, அதை நான் எடுத்துக்கறேன்னு ரெண்டு வண்டி ஏஜென்டும் தங்களுக்குள்ள கேட்டுக்கலாம், ரெண்டு பேருக்கும் எம்ப்டி ஓட்டம் கொறைஞ்சா, இல்லைன்னா ஒருத்தருக்கு மிச்சமாகற டீசல்ல இன்னொருத்தருக்குப் பங்கு குடுத்து சரிக்கட்ட முடிஞ்சா, மாத்திக்கும். இதுவும் அதே காண்ட்ராக்ட் நெட்தான், லோடு ஏஜென்டுக்கு பதிலா வண்டி ஏஜென்டே சிஎஃப்பி அனுப்புது. புதுசா ஒரு வரி ப்ரோட்டோகால் கூட எழுத வேண்டியிருக்கலை. எல்லா நேரமும் மொத்தத்துல பெஸ்டான முடிவுக்கு வந்துடாது, ஆனா ராத்திரி 11 மணிக்கு ஸ்னிஃபர்ல வண்டியும் வண்டியும் பேசிக்கற அம்பு போறதைப் பாக்கறப்ப மனசுக்கு நெறைவா இருக்கும்.

வேற ஆப்ஷன் கேட்டா, பைத்தான் மட்டும் தெரிஞ்சவங்க ஸ்பேடு பாருங்க, ஸ்பெயின்ல வலென்சியா பாலிடெக்னிக் யுனிவர்சிட்டில பண்ணது, எக்ஸ்எம்பிபிங்கற சாட் ப்ரோட்டோகால் மேல மெசேஜ் போகுது. அதே ஊர்க்காரங்க அது மேல சிம்ஃப்ளீட்னு டாக்ஸி, ட்ரக் மாதிரி வண்டிங்களை ஓட்டிப் பாக்கற சிமுலேட்டரும் வச்சிருக்காங்க, காசு போடறதுக்கு முன்னாடி ஐடியாவை டெஸ்ட் பண்ணிப் பாக்க நல்லா இருக்கும். ஜேடோட டுடோரியல் புக் வாங்கற ஏஜென்ட், புக் விக்கற ஏஜென்ட்னு ஒரு உதாரணத்தோட நல்லாத்தான் எழுதியிருக்காங்க, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம். அதுக்கு மேல போனா நெட்ல கெடைக்கற பதில் நெறைய ரொம்ப பழசு, கோடைத் தொறந்து படிக்கற பழக்கம் இருந்தாத்தான் தாக்குப்புடிக்க முடியும். டிரைவர் ஃபோன்லயே ஏஜென்டை ஓட்டறதுக்கு லீப்னு ஒரு பகுதி ஜேடுக்குள்ளயே இருக்கு, ஏஜென்டோட கன்டெய்னரை ரெண்டாப் பிரிச்சு பாதி ஃபோன்ல பாதி சர்வர்ல வச்சு, சிக்னல் போனா மெசேஜை சேத்து வச்சு அப்புறமா குடுக்கும். நாங்க அதுக்குப் போகலை, ஏஜென்ட் சர்வர்லயே இருக்கு, டிரைவருக்கு ஓகே, வேண்டாம்னு ரெண்டு பட்டன்தான். ஓட்டறவர் கையில அதுக்கு மேல எதையும் குடுக்கக் கூடாதுங்கறது என் அபிப்பிராயம்.

இத்தனை கொறை சொல்லியும் ஏன் விடாம வச்சிருக்கோம்னா, ஒவ்வொரு வண்டியோட புத்தியும் அந்த வண்டிகிட்டயே இருக்குங்கறதால. மைசூர் லோடுக்கு சத்தியமங்கலம் வழியா போற ஒரு ஓனர், பண்ணாரிலேர்ந்து திம்பம் ஏறி காரப்பள்ளம் போற ரோட்டுல ராத்திரி லாரி விடமாட்டாங்கங்கறதை தன் வண்டி ஏஜென்ட்ல மட்டும் சேத்துக்கிட்டார், சாயங்காலம் கெளம்பற லோடுன்னா அவர் ரேட்ல ஹால்டிங் காசும் சேந்து வரும். 27 ஹேர்பின் வளைவு இருக்கற அந்த ரோடே வேண்டாம்கறவர் அதுக்கு ரெஃப்யூஸ்னு போட்டுக்கிட்டார். இதையெல்லாம் மெயின் சர்வர்ல யாரும் எழுத வேண்டியதில்லை, மத்த ஓனருக்குத் தெரியவே தேவையில்லை.

போன பொங்கலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அந்த ஒத்த டாரஸ்காரர் ஆபீஸுக்கு வந்தார். அவர் வண்டியை அப்ப கைமாத்தி ஓட்டிட்டு இருந்த டிரைவருக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். "ஏங்க, பொங்கலுக்கு அவரு வீட்டுல இருக்கற மாதிரி ஒரு லோடு அமைஞ்சா ஆயிரம் ரூவா கொறைச்சே கூட போலாம், இந்த மிஷினுக்கு அதைச் சொல்ல முடியுமா"ன்னு கேட்டார். முடியும்னேன். தை ஒன்னுக்கு முன்னாடி மூணு நாள்ல திண்டுக்கல்லுக்கு 50 கிலோமீட்டருக்குள்ள லோடு இறங்குச்சுன்னா ரேட்ல ஆயிரத்தைக் கழின்னு அவர் வண்டி ஏஜென்ட்ல மட்டும் பதினஞ்சு வரி எழுதுனேன், அவர் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்து பாத்துட்டு இருந்தார். மத்த நாப்பத்தி ரெண்டு வண்டியையும் தொடலை, எதையும் நிறுத்தி ஆரம்பிக்கலை. போகிக்கு மொத நாள் மத்தியானம் ஓசூர்லேர்ந்து திண்டுக்கல்லுக்கு ஒரு லோடு வந்துச்சு, ஒம்பது வண்டி ரேட் சொல்லுச்சு, அவர் வண்டிக்கு ஹோல்டு விழுந்து ஒரு நிமிஷத்துல டிரைவர் ஓகே அழுத்திட்டார்.